தேயிலையைக் களைந்தால் தெரியும் மலை

ஒரு நிலத்தில் படை எவ்வாறு நகரும், எங்கே தடுமாறும், எந்த வளைவில் வழி தவறும் என்பவற்றை அந்த நிலத்துக்குப் போகாமலேயே அறிய முயல்வதைச் சிமுலேஷன் என்றும் ஒப்புருவாக்கம் என்றும் இன்று சொல்கிறார்கள். பெயர் புதியதாயினும் முயற்சி புதியதன்று. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிவைத்த கிரீக்ஸ்ஷ்பீல் என்னும் போர் விளையாட்டைத் திருத்தி வெளியிட்டார். அதில் உண்மையான நிலப்படத்தின் மீது சிறு கட்டைகள் படைப்பிரிவுகளாக நகர்த்தப்பட்டன. எதிரியின் கட்டை எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பதை ஒரு நடுவர் தீர்மானித்தார். 1996இல் அமெரிக்கக் கடற்படைத் துருப்பினர் டூம் என்ற வணிக வீடியோ கேமைத் தம் பயிற்சிக்கேற்ப மாற்றிக்கொண்டனர். 2001இல் வெளிவந்த ஆபரேஷன் ஃபிளாஷ்பாயிண்ட் என்ற விளையாட்டின் வழித்தோன்றலாகிய வெர்ச்சுவல் பேட்டில்ஸ்பேஸ் என்னும் மென்பொருள், பின்னர் அமெரிக்க, பிரித்தானிய, ஆஸ்திரேலியப் படைகளின் பயிற்சிக்கூடங்களில் இடம்பெற்றது. வரலாற்றாய்வாளர்களும் இக்கருவியைக் கைக்கொண்டிருக்கிறார்கள். 1071ஆம் ஆண்டு மான்சிகெர்ட் போருக்காக அனத்தோலியாவைக் கடந்து சென்ற பைசாந்தியப் படையின் நடையைப் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் எழுப்பினர். அதில் ஒவ்வொரு வீரனும் தனக்கென நடக்கவும் உண்ணவும் களைக்கவும் கூடிய ஓர் உருவாக அமைக்கப்பட்டிருந்தான்.

இத்தகைய ஆய்வுக்கு இலங்கையின் மத்திய மலைநாட்டைவிடத் தகுந்த களம் தெற்காசியாவில் அரிது. ஆனால் அந்த மலைநாட்டைத் திரையில் எழுப்ப முனைவோர் முதல் அடியிலேயே ஏமாறுவதற்கும் இடமுண்டு. நுவரெலியாவையும் ஹட்டனையும் சூழ்ந்த சரிவுகளின் உயர அளவுகள் இன்று எவருக்கும் கிடைக்கின்றன. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் பதினொரு நாள் ரேடார் கொண்டு புவியை அளந்தபோது திரட்டிய தரவை விளையாட்டு மென்பொருளில் ஊட்டினால், கொத்மலைப் பள்ளத்தாக்கும் றம்பொடைச் சரிவும் சில மணி நேரத்தில் திரையில் எழுந்துவிடும். மலையின் எலும்புக்கூடு அதில் சரியாகவே இருக்கும், ஆனால் அதன் தோல் தவறாக இருக்கும். இடுப்பளவு உயரத்தில் வெட்டி நிறுத்தப்பட்ட தேயிலை பரவிய இன்றைய சரிவு ஒளிந்துகொள்ள இடமற்ற வெளி. எதிர்மலையில் நடப்பவரின் தலைத்துணியின் நிறம்கூட இங்கிருந்து தெரியும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் எதிர்கொண்ட மலையோ பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத காடு. ஆகவே அந்த மலைநாட்டை ஆண்ட கண்டி அரசோடு அவர்கள் நடத்திய போர்களை ஆராய விரும்புவோர் முதலில் தேயிலையை முழுவதுமாகக் களைய வேண்டும்.

காடு தானாக வளர்ந்தது. அதை அரணாக்கியது அரசாட்சி. கண்டி அரசர்கள் கோட்டைச் சுவர்களைவிடக் குறுகலான, குழப்பமான, பாலமற்ற வழிகளையே பெரிதும் நம்பினர். 1660இல் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி அரசில் வாழ்ந்த ஆங்கில மாலுமி ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாக விவரித்திருக்கிறார். கணவாய்களின் இறுகிய இடங்களில் முள்மரக் கிளைகளால் பின்னப்பட்ட தூக்குக் கதவுகள் இருந்தன. இவற்றையே கடவத்தை என்பர், இன்றும் அப்பெயருடைய ஊர்கள் உண்டு. காவலரைக் கடந்து போக அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு எழுத்தாலானதன்று. களிமண்ணில் பதித்த முத்திரை. வீரனுக்கு ஈட்டி தாங்கிய மனிதனின் உருவும், கூலியாளுக்குத் தோளில் காவடியாகச் சுமை தூக்கிய மனிதனின் உருவும், வெள்ளையனுக்கு வாளும் தொப்பியும் கொண்ட மனிதனின் உருவும் அதில் பதிந்திருந்தன. யார், எந்த வழியில், எதற்காகப் போகிறார்கள் என்பதை எழுத்தறியாக் காவலனும் ஒரே பார்வையில் அறியும் இந்த முறையை இக்கால விளையாட்டு வடிவமைப்பாளர் எவரும் பாராட்டுவர்.

வழியறிவு என்பது என்ன என்பதற்கு நொக்ஸின் தப்பியோட்டமே நல்ல சான்று. அவரிடம் படம் எதுவும் இல்லை. தொப்பி பின்னி ஊர் ஊராக விற்கும் தொழிலைக் கைக்கொண்டு, அதன் மறைவில் ஆண்டுக்கணக்கில் வடக்கு எல்லைப்புற வழிகளைக் கால்களால் மனப்பாடம் செய்தார். 1679இல் தோழர் ஒருவருடன் அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றியவாறே கீழிறங்கி, மன்னாருக்குத் தெற்கே ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். கணினியில் வழி தேட இன்று பெரிதும் பயன்படும் ஏ-ஸ்டார் என்னும் கணக்கு முறை 1968இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. நிலம் முழுவதும் முன்கூட்டியே தெரியும் என்ற எடுகோளின் மேல்தான் அது பொதுவாக இயக்கப்படுகிறது. நொக்ஸுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: நீர் கடலுக்குப் போகும். மற்றவற்றை நடந்து நடந்தே அறிய வேண்டியிருந்தது.

வெளியார் படைகளுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது, மறைவும் கிடையாது. 1594இல் தந்துரேயிலும், 1630இல் ஊவாவின் ரந்தெனிவெலவிலும், 1638இல் மகாவலி கரையில் கன்னொறுவையிலும் போர்த்துக்கேயப் படைகள் ஏறத்தாழ முற்றாக அழிந்தன. மூன்றுக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு: மலைக்குள் நுழைவது எளிதாகவும் வெளியேறுவது இயலாததாகவும் இருந்தது. ரந்தெனிவெலவில் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா வீழ்ந்ததற்குத் துப்பாக்கிகளின் குறைவைவிட, அவருடன் வந்த லஸ்கரின்கள், அதாவது உள்ளூரில் திரட்டப்பட்ட சிங்களப் படையினர், போரின் நடுவே எதிர்ப்பக்கம் சேர்ந்ததே பெருங்காரணம். படையோடு அதன் வழிகாட்டிகளும் போய்விட்டார்கள்.

ஆங்கிலேயர் இப்பாடத்தை மீண்டும் முதலிலிருந்து கற்றார்கள். 1803 தொடக்கத்தில் தளபதி மக்டவல் கொழும்பிலிருந்தும், கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் கண்டியை நோக்கிப் புறப்பட்டனர். நகரம் வெறுமையாகக் கிடந்தது. அரசன் மலைகளுக்குள் விலகியிருந்தான். நாயக்கர் குடும்பத்தைச் சேர்ந்த முத்துசாமியை அரியணையில் அமர்த்தியபின், காய்ச்சலுக்கு ஆட்களைப் பறிகொடுத்த பெரும்படை திரும்பியது; மேஜர் டேவி ஒரு சிறு காவற்படையுடன் எஞ்சினார். ஜூன் 24இல் அவர் சரணடைந்து திருகோணமலை வழியில் வெளியேற முயன்றபோது, வட்டபுளுவையில் வெள்ளம் பெருகிய மகாவலியைக் கடக்க முடியாமல் நின்றார். முத்துசாமி ஒப்படைக்கப்பட்டார், படையினர் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். நிலப்படத்தில் மகாவலி ஒரு கோடு. மழைக்காலத்தில் அது சுவர். விளையாட்டு மென்பொருள்களில் ஆற்றின் ஆழம் பெரும்பாலும் மாறா எண்ணாகவே கொடுக்கப்படுவதை நினைத்தால், டேவியின் அழிவை அவற்றில் மீண்டும் காட்ட முயல்வோர் பெப்ரவரி ஆற்றையும் ஜூன் ஆற்றையும் வேறு வேறாகவே எழுப்ப வேண்டியிருக்கும்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்த கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டனின் நடை, ஒப்புருவாக்க ஆய்வுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. வெவ்வேறு கரையோரத் தளங்களிலிருந்து ஆறு பிரிவுகள் ஒரே வேளையில் கண்டியில் கூடுவது முதல் திட்டம். ஆளுநர் நோர்த் அத்திட்டத்தைக் கைவிட்டார். ஆனால் மட்டக்களப்பிலிருந்த ஜோன்ஸ்டனுக்குப் போன ஆணையின் சொற்கள் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அவர் ஏறத்தாழ 300 பேருடன் 1804 செப்டெம்பரில் புறப்பட்டு, மலைகளைக் கடந்து, ஒக்டோபரில் கண்டியை அடைந்து, மற்ற ஐந்து பிரிவுகளுக்காகக் காத்திருந்தார். எவரும் வரவில்லை. பிறகு வழிநெடுக மறைந்திருந்து சுட்டவர்களோடு போராடியபடி திருகோணமலைக்கு மீண்டார். 1810இல் அவர் வெளியிட்ட நூல் தம் நடத்தைக்கான விளக்கமாகத் தொடங்கினாலும், கண்டியர் போர்முறையைப் பற்றிய மதிப்புமிக்க குறிப்பாக முடிகிறது. கண்டியர் நேர்நின்று பொருதவில்லை; வழியை மரம் வீழ்த்தி மூடினர், பக்கத்துக் காட்டிலிருந்து சுட்டனர், சுமையாட்களைக் கலைத்தனர்.

இந்த நடையின் கணக்கை எளிய முறையில் போட்டுப் பார்க்கலாம். புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993இல் தந்த சூத்திரம், சரிவுக்கேற்ப மனிதன் நடக்கும் வேகத்தைக் கணிக்கிறது. நில ஒப்புருவாக்கங்களில் இது பெரிதும் வழங்குகிறது. அதன்படி சமதரையில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடப்பவர், நூற்றுக்கு இருபது என்ற ஏற்றத்தில் 2.5 கிலோமீட்டரே நடப்பார். பாதையற்ற தரையானால் அதில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 1.5 கிலோமீட்டர். 300 வீரருக்குக் குறைந்தது 300 சுமையாளர் என்று கொண்டு, அவர்கள் ஒருவர்பின் ஒருவராக இரண்டு மீட்டர் இடைவெளியில் சென்றால் வரிசையின் நீளம் 1,200 மீட்டர். முன்னே செல்பவன் நின்ற இடத்துக்குக் கடைசி ஆள் வந்து சேர 48 நிமிடம் ஆகும். வரிசையின் நடுப்பகுதியைக் காட்டில் மறைந்திருந்து இருபது பேர் சுட்டால், தலைப்புறத்துக்குச் செய்தி எட்டுவதற்குள் அந்த இருபது பேரும் அடுத்த வளைவில் இருப்பார்கள். பீரங்கி, துப்பாக்கி, பயிற்சி ஆகிய எதுவும் இந்த 48 நிமிடத்தைக் குறைக்கவில்லை. குறைத்திருக்கக் கூடியது அகலமான பாதை ஒன்றே. அதை அரசன் தரவில்லை.

ஆகவே 1815இல் கண்டி வீழ்ந்ததற்கு நிலப்படம் காரணமாகச் சொல்லப்படும்போது சற்று ஐயத்தோடு கேட்க வேண்டும். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்தது; எனினும் மலைக்குள் அளவைக் கருவிகள் அதுவரை போகவில்லை. போனவர்கள் ஒற்றர்கள். சிங்களம் நன்கறிந்த ஜோன் டொயிலி என்ற சிவில் அதிகாரி, துறவிகளும் வணிகரும் ஊர்த்தலைவர்களும் கொண்டுவந்த செய்திகளை ஆண்டுக்கணக்கில் நாட்குறிப்பில் பதிந்துவந்தார். அரசனோடு பகைத்த அமைச்சர் எஹெலபொலவும் அவர் பக்கம் வந்தபின், முள்கதவுகளைத் திறக்க வேண்டியவர்களே திறந்துவிட்டார்கள். பெப்ரவரி 18இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மெதமகாநுவரவில் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. வழி ஆட்களிடம் இருந்தது. ஆட்கள் மாறினார்கள், வழியும் மாறியது.

மறுபடியும் அவர்கள் மாறினால் என்ன நிகழும் என்பதை 1817-18 ஊவாக் கிளர்ச்சி காட்டியது. அது கொத்மலை, வலப்பனை வரை, அதாவது இன்றைய நுவரெலியா மாவட்டத்துக்குள்ளும், பரவியது. ஆளுநர் பிரவுன்ரிக்கின் படை இம்முறை எதிரியைத் தேடி அலைவதைக் குறைத்துக்கொண்டு, சிறு காவல்நிலைகளை நெருக்கமாக நட்டு, ஊர்களையும் நெல்லையும் எரித்தது. சென்னை மாகாணத்திலிருந்தும் துருப்புகள் வந்தன. கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் கொல்லப்பட்டார். காட்டை அறிய முடியாதபோது காட்டில் இருப்பவரின் உணவை அழிப்பது என்ற இந்தத் தந்திரத்தைப் போர் விளையாட்டுகள் பொதுவாகக் காட்டுவதில்லை. வீரனின் கண்ணால் மட்டும் நிலத்தைப் பார்க்கும் ஒப்புருவாக்கத்தில் வயல் வெறும் தட்டையான பச்சை நிறமே.

கிளர்ச்சி அடங்கிய மறு ஆண்டில் படை மருத்துவர் ஜோன் டேவி நுவரெலியாச் சமவெளியைக் கண்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் அதைப் படையினரின் உடல்தேறும் இடமாக ஆக்கினார். அதற்கு முன்பே அவர் பெரிய செயலைத் தொடங்கியிருந்தார்: கொழும்பிலிருந்து கடுகண்ணாவை வழியாகக் கண்டிக்கு வண்டிப்பாதை. ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தாலும், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களும் அடங்கிய பயனியர் படையாலும் அது வெட்டப்பட்டது. அந்தப் பாதையின் ஒரு பகுதியைப் பதினாறு வயதில் பொறுப்பேற்ற தோமஸ் ஸ்கின்னர்தான் பின்னர் கண்டிச் சீமையை முக்கோண முறையில் அளந்தார். இரு மலையுச்சிகளிலிருந்து மூன்றாவதை நோக்கிக் கோணம் எடுத்து, ஒரு பக்கத்தின் நீளத்திலிருந்து மற்றவற்றைக் கணிப்பதே அம்முறை. அவருடைய அளவைகள் 1862இல் வெளிவந்த தளபதி பிரேசரின் இலங்கைப் படத்துக்கு அடிப்படையாயின.

சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காட்டில், அதாவது இன்றைய ஹட்டன், மஸ்கெலியாப் புறத்தில், ஸ்கின்னருக்கு முன்னோடியாக இருந்தவை யானைகள். யானைத்தடங்கள் மலைமுகடுகளின் வழியே, ஆறுகளைக் கடக்க எளிதான துறைகளை நோக்கி, பொறியாளர் வியக்கும் சீரான ஏற்றத்தில் சென்றன என்று அக்கால ஆங்கில எழுத்தாளர் பலர் குறித்திருக்கிறார்கள். ஹட்டன் புறத்தில் பெரும்போர் எதுவும் நிகழாததற்கும் இது காரணமாக இருக்கலாம்: யானைகளும் யாத்திரிகரும் மட்டும் போன இடத்துக்குப் படைகள் போக விரும்பவில்லை.

பாதை வந்தபின் கோப்பி வந்தது. கோப்பியை 1869இல் தொடங்கிய இலைநோய் அழித்தபின் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் இட்ட பயிர் முப்பது ஆண்டுகளுக்குள் மலைகளை மூடியது. தொடருந்து 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் ஏறியது. மன்னார்க் கரையில் இறங்கி வறண்ட காடுகளின் ஊடே மாத்தளை வரை நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர், முன்பு படைகள் அஞ்சிய காட்டை வெட்டி வீழ்த்தினர். இராணுவ நோக்கில் இதைவிடப் பெரிய நிலமாற்றம் இலங்கையில் நிகழ்ந்ததில்லை எனலாம். ஆனால் அதைச் செய்தவர் கையில் இருந்தது கத்தியும் மண்வெட்டியும்.

படையின் வாசனை தோட்டத்தை விட்டு முற்றாகப் போகவுமில்லை. விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைகளுக்குப் பிரித்தனுப்பும் வழக்கத்துக்குப் பெரட்டு என்று பெயர். அணிவகுப்பைக் குறிக்கும் பரேட் என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. ஆட்கள் கூடும் இடம் பெரட்டுக்களம். துரைமார் தாமும் படையாயினர்: 1900இல் அமைந்த இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையில் ஐரோப்பியர் மட்டுமே சேர முடிந்தது. தென்னாபிரிக்காவில் போயர்களை எதிர்க்கவும், 1914இல் எகிப்துக்கும் அங்கிருந்து கலிப்போலிக்கும் அதன் ஆட்கள் போயினர். 1949இல் அது கலைக்கப்பட்டது. அதே 1900இல், தோட்ட மலைகளுக்கு அப்பால் தியத்தலாவையில், ஏறத்தாழ 5,000 போயர் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தது வரலாற்றின் குறும்பு.

இன்றைய மென்பொருள்களுக்குத் திரும்பினால், அவற்றின் குறைகள் பழைய படைகளின் குறைகளையே ஒத்திருப்பது தெரியும். நடமாட்ட வலை என்று சொல்லத்தக்க நேவ்மெஷ், எந்தத் தரையில் ஓர் உரு கால்வைக்கலாம் என்பதை முன்கூட்டியே பிரித்து வைக்கும் அமைப்பு. யூனிட்டி என்ற பரவலான மென்பொருளில் அதன் இயல்பு எல்லை 45 பாகை. அதற்கு மேற்பட்ட சரிவு சுவராகவே கொள்ளப்படும். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, கான்களைத் தாண்டி, வரிசைகளுக்கிடையே ஏறி இறங்கும் கொழுந்து பறிப்பவரைக் கேட்டால் வேறு எண் சொல்வார். விண்ணோட ரேடாரின் அளவும் காட்டுப்பகுதியில் தரையை அன்றி மரத்தலைகளையே பெரும்பாலும் தொடுகிறது. எனவே இன்றும் காடாக நிற்கும் சிவனொளிபாதச் சரணாலயத்தில் மலை உண்மையைவிடச் சற்று உயரமாகவும், பக்கத்துத் தேயிலைச் சரிவில் உள்ளபடியும் பதிவாகும். கண்டியரின் மறைவிடமாகிய காடு கணினியையும் ஏய்க்கிறது.

நிலத்தைப் படம் பிடிப்போர் மீதான அச்சமும் பழமையானதே. கிரேக்கத் தீவாகிய லெம்னோஸை மாதிரியாகக் கொண்டு ஆர்மா 3 என்ற போர் விளையாட்டுக்கு நிலம் அமைத்துக்கொண்டிருந்த செக் நிறுவனத்தின் இருவர், 2012இல் அத்தீவுக்குப் போனபோது இராணுவ இடங்களைப் படமெடுத்ததாகக் கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிலிருந்தனர். விளையாட்டில் தீவின் பெயர் பிறகு அல்திஸ் என்று மாற்றப்பட்டது. களிமண் முத்திரையில்லாமல் கணவாய் கடந்தவரைக் கண்டிக் காவலர் நடத்தியதற்கும் இதற்கும் இடைவெளி மூன்றரை நூற்றாண்டு.

1804இன் மலையைத் திரையில் எழுப்பத் தேயிலையைக் களைவோர், களைவதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். தோட்டங்களில் மலை என்பது கொழுந்து பறிக்கும் நிலத்தின் பெயரும்கூட. ஒவ்வொரு மலைக்கும் எண் உண்டு, எண்ணோடு தொழிலாளர் வைத்த பெயரும் பல இடங்களில் உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்கும், அங்கிருந்து கோயிலுக்கும் செல்லும் குறுக்குவழிகள் எந்த உயரத் தரவிலும் இல்லை. இக்குறுக்குவழிகளில் சில பழைய யானைத்தடத்தின் மேலும், சில பயனியர் படை வெட்டிய தடத்தின் மேலும் படிந்திருக்கலாம்; மற்றவை ஐந்தாறு தலைமுறையின் கால்கள் உண்டாக்கியவை. எது எதுவென்று பிரிக்க, டொயிலி செய்ததுபோல, அங்கே நடப்பவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.